இரண்டு குழாய் வீடு

கோவை மாவட்டத்துக் காரமடையில் பல வீட்டு அடுக்களைகளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணி, இன்னொன்று உப்புத் தண்ணி. நல்ல தண்ணி பவானி ஆற்றிலிருந்து வருகிறது. நகராட்சி முறைவைத்து விடும். விடுகிற நேரத்தில் பிடித்துத் தேக்கிக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணி வாசலில் போட்ட போரிலிருந்து, மோட்டார் ஓடினால் வரும். குடிக்கவும் சமைக்கவும் முதலாவது. குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு, தென்னைக்கு இரண்டாவது. அதனால் இங்கே வீடு கட்டுகிறவர்கள் தரைத்தொட்டி, மாடித்தொட்டி, சுவருக்குள் ஓடும் குழாய் என்று எல்லாவற்றையும் இரட்டையாகவே செய்துகொள்கிறார்கள்.

இவ்வளவு குழாயையும் சுவருக்குள் புதைத்து, பூச்சுப் பூசி, டைல்ஸ் ஒட்டிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. குழாயில் வேகம் குறைந்தாலும், மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாவிட்டாலும், குளியலறையில் நாற்றம் எழுந்தாலும் முதலில் சுவரை உடைக்கும் பேச்சு வந்துவிடுகிறது. பெரும்பாலான தொந்தரவுகளுக்கு அது தேவையே இல்லை. தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, காற்று எங்கே மாட்டியிருக்கிறது, தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் கோளாறு இருக்கும் இடம் பிடிபட்டுவிடும்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அடியில் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் இருக்கும். அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒரு கிலோ எடை. அடிக்கணக்கில் சொன்னால், ஓர் அடிக்கு 0.03 பார். தொட்டி எவ்வளவு பெரியது என்பது இதில் சேராது. நெதர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் சைமன் ஸ்டெவின் 1586-இலேயே இதை நிறுவிவிட்டார்: அடியில் உள்ள அழுத்தத்தைத் தீர்மானிப்பது நீர்மட்டத்தின் உயரம் மட்டுமே, மேலே நிற்கும் நீரின் மொத்த அளவு இல்லை. ஷவரில் வேகம் போதவில்லை என்று 500 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 2,000 லிட்டர் தொட்டி வைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தண்ணீர் நான்கு மடங்கு நேரம் வரும். வேகம் ஏறக்குறைய பழையபடியேதான் இருக்கும்.

ஒரு மாடி வீட்டைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு தளமும் பத்தடி உயரம். மொட்டைமாடியில் இரண்டடித் திட்டு, அதன்மேல் தொட்டி, தொட்டிக்குள் இரண்டடித் தண்ணீர். கீழ்த்தளத்துக் குழாய் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தால், அதற்கு மேலே 22 அடி நீர் நிற்கிறது. 0.66 பார், வாளி சடசடவென்று நிரம்பும். மாடிக் குளியலறை ஷவரோ மாடித் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருக்கிறது. கூரைக்கு மூன்றடி, திட்டு இரண்டடி, தண்ணீர் இரண்டடி, ஆக ஏழே அடி. 0.21 பார். அதே தொட்டி, அதே குழாய், அழுத்தம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. கடைகளில் அழகாகத் தொங்கும் அகலமான ஷவர்களில் பல, இதைவிடப் பல மடங்கு அழுத்தத்தை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் அச்சிட்டிருக்கும். வாங்குமுன் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டால் பிறகு வருத்தப்பட வேண்டியிருக்காது.

தொட்டித் திட்டை மூன்றடி உயர்த்தினால் மாடி ஷவருக்கு ஏழடி பத்தடியாகிறது, நல்ல முன்னேற்றம். ஆனால் கட்டும்போதே செய்ய வேண்டிய, இன்னும் மலிவான வேலை ஒன்று உண்டு. அது குழாயின் அகலம். ஓடும் தண்ணீர் குழாய்ச் சுவரில் உரசி அழுத்தத்தை இழக்கிறது. குழாய் குறுகக் குறுக இந்த இழப்பு கடுமையாக ஏறும். அதே உயரம், அதே நீளம் என்று வைத்துக்கொண்டு, அரை அங்குலக் குழாய்க்குப் பதில் முக்கால் அங்குலம் போட்டால் வரும் தண்ணீர் ஒன்றரை மடங்கு என்றுதான் தோன்றும். உண்மையில் ஏறக்குறைய மூன்று மடங்கு. தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாய் ஒன்று அல்லது ஒன்றேகால் அங்குலம், குளியலறை வரை முக்கால், குழாய்க்கு முந்தைய கடைசிச் சில அடிகளில் மட்டும் அரை என்று போடச் சொன்னால், பிரஷர் பம்ப் வாங்கும் தேவை பல வீடுகளில் எழாது. பிரஷர் பம்ப் கெட்ட கருவி இல்லை. ஆனால் மின்சாரம் போனால் அது நின்றுவிடும், புவியீர்ப்பு நிற்காது. நான் எப்போதும் குழாயை அகலப்படுத்தத்தான் சொல்வேன்.

இனி காற்று. வீட்டுக் குழாய் வேலையில் கண்ணுக்குத் தெரியாத பாதி அது.

மோட்டார் தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது என்றுதான் நாம் பேசுகிறோம். பம்ப் செய்வது அதைவிடச் சிறிய வேலை. குழாய்க்குள் இருக்கும் காற்றை அது அகற்றுகிறது. கிணற்று நீரின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. இத்தாலியில் கிணற்று வேலை செய்தவர்கள், எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் பத்து மீட்டருக்கு மேல் தண்ணீர் ஏற மறுக்கிறது என்பதைக் கண்டிருந்தார்கள். கலிலியோ அதைத் தன் நூலில் எழுதினார். அவருடைய சீடர் டோரிச்செல்லி 1640-களில் பாதரசத்தை வைத்துக் காரணத்தைக் காட்டினார். காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் அந்த எடையால் 10.3 மீட்டர் உயரத் தண்ணீரைத்தான் தாங்க முடியும். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்று கொஞ்சம் மெலிந்திருப்பதால் அந்த எல்லை 9.8 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. குழாய் உரசல், பம்பின் குறைகள் எல்லாம் போக, நடைமுறையில் ஏழு மீட்டர், அதாவது இருபத்து மூன்று அடி கிடைத்தாலே பெரிய விஷயம்.

கொங்கு நாட்டுக் கிணறுகளில் இந்த விதியை நேரில் பார்க்கலாம். மேட்டில் பம்ப் வைத்தால் கோடையில் எட்டாது. அதனால் கிணற்றுக்குள்ளேயே திட்டுக் கட்டி, நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்கினார்கள். நிலத்தடி நீர் பல நூறு அடிக்குப் போனபோது கம்ப்ரசர் வந்தது. அது காற்றைக் குழாய் வழியாகப் போரின் அடிக்கு அனுப்பும். குமிழிகள் கலந்த தண்ணீர் எடை குறைந்து மேலே எழும். குழாய் வாயில் வெள்ளையாக நுரைத்து, விட்டுவிட்டுக் கொட்டும். அதற்கும் அடுத்தது சப்மெர்சிபிள். மோட்டாரையே தண்ணீருக்குள் மூழ்கவைத்துக் கீழிருந்து தள்ளும்போது 9.8 மீட்டர் எல்லை பொருந்தாமல் போகிறது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் உருவாக்கிய மின்மோட்டாரை இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என்பார்கள். பிறகு இந்த ஊர் நாட்டுக்கே பம்ப்செட் செய்து கொடுக்கும் ஊராக வளர்ந்தது. ஆறு தொலைவில், தண்ணீர் ஆழத்தில் என்று வாழ்ந்த ஒரு நிலத்தில் அந்தத் தொழில் வேரூன்றியதில் எனக்கு வியப்பில்லை.

வீட்டுத் தரைத்தொட்டியின் மேல் வைத்த அரைக்குதிரைத் திறன் மோட்டாருக்கும் இதே விதிதான். மோட்டார் ஓடுகிறது, சத்தம் வழக்கத்தைவிட லேசாக இருக்கிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் மணலோ நூலோ சிக்கி அது சரியாக மூடாமல் போயிருக்கலாம். அல்லது ஏதோ ஓர் இணைப்பில் மயிரிழை அளவு இடைவெளி இருக்கலாம். அந்த இணைப்பில் தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மோட்டார் ஓடும்போது ஒவ்வோர் இணைப்பின் மேலும் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். நுரை உள்ளே இழுக்கப்படும் இடம்தான் ஓட்டை. மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றும் வரை மோட்டாரை ஓடவிடக் கூடாது. உள்ளே இருக்கும் சீலைக் குளிர வைப்பது அந்தத் தண்ணீர்தான்; வெறுமனே ஓடினால் சில நிமிடங்களில் சீல் கருகிவிடும்.

இதே காற்று, தொட்டியிலிருந்து இறங்கும் பாதையிலும் தொல்லை கொடுக்கும். மாசி மாதத் தேர் நோம்பிக்கு ஒரம்பரை வந்து நிறைந்த வீடு. காலை எட்டு மணிக்கெல்லாம் தொட்டி காலி. மோட்டார் போட்டு நிரப்பிய பிறகும் பின்கட்டுக் குளியலறைக் குழாய் மட்டும் ‘புஸ்’ என்று மூச்சுவிட்டு நின்றுபோகிறது.

“ஏனுங்க தம்பி, தொட்டி நெறைய தண்ணி கெடக்குது. கொழாய்ல ஒரு சொட்டு வரலீங்களே?”

“காத்து அடைச்சிருக்குதுங்கம்மா. சித்தெ இருங்க, எடுத்துப்போடலாம்.”

மொட்டைமாடிக் குழாய் ஓரிடத்தில் விட்டத்தின் மேலேறி இறங்குகிறது. தொட்டி காலியானபோது குழாயும் காலியாகிக் காற்று நிறைந்தது. திரும்பத் தண்ணீர் வந்தபோது இருபுறமும் நீர் சூழ, மேட்டில் ஒரு காற்றுத்துண்டு தங்கிவிட்டது. தண்ணீரைவிட இலேசான அதைக் கீழ்நோக்கித் தள்ளினால்தான் வழி திறக்கும். காற்று நிரம்பிய இறங்குபாதை எவ்வளவு உயரமோ, அவ்வளவு உயரத்தின் அழுத்தம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். நம் மாடித்தொட்டிகளில் கையிருப்பே சில அடிதான் என்பதால் அந்தச் சிறிய கழிவே போதும், ஓட்டம் முற்றிலும் நிற்க. பிளம்பர் செய்வது எளிய வேலை. அடைபட்ட குழாயின் வாயில் ஒரு ஹோஸை மாட்டி, அதே உப்புத் தண்ணியின் அழுத்தம் மிகுந்த இன்னொரு குழாயோடு இணைத்து, ஒரு நிமிடம் தலைகீழாகத் தண்ணீரைச் செலுத்துகிறார். காற்று வந்த வழியே ஏறித் தொட்டிக்குள் குமிழியாக வெளியேறுகிறது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், தொட்டி வால்வை அடுத்து ஓர் அரை அங்குலக் குழாயைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே போகும்படி நிறுத்தி, வாயைக் கீழ்நோக்கி வளைத்துத் திறந்தே விட வேண்டும். ஏர் பைப் என்று கேட்டால் எந்தப் பிளம்பருக்கும் தெரியும். இருநூறு முந்நூறு ரூபாய் வேலையை மிச்சம் பிடித்து, அடைப்பு என்ற பெயரில் டைல்ஸை உடைத்த வீடுகள் எத்தனையோ.

மோட்டார் நின்றதும் சுவருக்குள் ‘டொம்’ என்று இடிக்கும் சத்தம் வேறு ஒரு கதை. ஓடிக்கொண்டிருக்கும் நீர்த்தண்டு திடீரென்று தடுக்கப்பட்டால் அதன் வேகம் அழுத்தமாக மாறுகிறது. மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களை ஆராய்ந்த நிகோலாய் சுகோவ்ஸ்கி 1898-இல் இதற்குக் கணக்கு வகுத்தார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் பிளாஸ்டிக் குழாயில் ஏறக்குறைய நான்கு பாரும், இரும்புக் குழாயில் பன்னிரண்டு பாருக்குக் குறையாமலும் ஒரு கணம் எகிறும். தினமும் நான்கு முறை இப்படி அடி வாங்கும் எல்போ ஒருநாள் விரிந்தே தீரும். குழாயைச் சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குவதும், தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் என்ஆர்வி வால்வை மென்மையாக மூடும் ஸ்பிரிங் வகைக்கு மாற்றுவதும் போதுமானவை.

மூன்றாவது, கரைந்திருப்பது. காரமடைக்காரர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வெண்கறை படியாத குழாய் இங்கே இல்லை. ஆனால் ஏன் இப்படி என்பது சொல்லத் தக்கது. பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி, பில்லூர் அணையைக் கடந்து மேட்டுப்பாளையத்துக்கு வருகிறது. மலை மழை பாறைமேல் வேகமாக ஓடி வருவதால் கரைத்துக்கொள்ள அதற்கு நேரம் கிடைப்பதில்லை. போர்த் தண்ணீர் அப்படியில்லை. மழை மறைவுப் பகுதியில் பெய்யும் கொஞ்ச மழை மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு இலேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறைப் பிளவுகளில் பல ஆண்டுகள் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணியில் துவரம்பருப்பு வேகாமல் முரண்டு பிடிப்பது இந்தக் கால்சியத்தால்தான்; பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினோடு அது சேர்ந்து சுவரை இறுக்கிவிடுகிறது.

இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை ஏற்கத் தக்கது என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. 500 மில்லிகிராம் உள்ள தண்ணீரை ஆயிரம் லிட்டர் தொட்டியில் நிரப்பினால் அதற்குள் அரைக் கிலோ சுண்ணாம்புக்குச் சமமான பொருள் கரைந்திருக்கிறது. அதில் ஒரு பங்கு பைகார்பனேட்டாக இருக்கும். சூடேறும்போது அது கார்பன் டை ஆக்சைடை இழந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். ஓராண்டு ஓடிய கீசரின் ஹீட்டர் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். கம்பியே தெரியாது. விரல் தடிமனுக்குச் சாம்பல் கலந்த வெள்ளை ஓடு. நகத்தால் தட்டினால் தகடு தகடாக உதிரும். ஒரு தகட்டில் எலுமிச்சைச் சாறு விட்டால் சுர்ரென்று நுரைக்கும். பல ஆண்டுகளுக்கு முன் மண்ணிலிருந்து வாங்கிய கார்பன் டை ஆக்சைடும் அந்த நுரையில் சேர்ந்திருக்கிறது. இந்த ஓடு செம்பைவிட நூறு மடங்குக்கும் மோசமாக வெப்பத்தைக் கடத்துவதால், கம்பி தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே எரிந்துபோகிறது. கீசர் கம்பி ஆண்டுக்கொன்று போகிறது என்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் கம்பியின் தரத்தில் குறையில்லை.

குழாயிலும் இதே நடக்கும். அரை அங்குலக் குழாயின் உள்சுவரில் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் படிந்தாலே வரும் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடும். ஆனால் வேகம் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது குழாயின் நுனியில் திருகியிருக்கும் சல்லடை மூடியை. கையாலேயே கழற்றலாம். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் ஓட்டைகள் திறந்துவிடும். கடையில் விற்கும் டாய்லெட் ஆசிட்டை இதற்குத் தொடாதீர்கள். அது குரோமியப் பூச்சையும் தின்றுவிடும். அந்த ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் போடக் கூடாது. இரண்டும் கலந்தால் வெளிவருவது குளோரின் வாயு. கதவு மூடிய குளியலறையில் அது உயிரையே எடுக்கும்.

கடினத்தன்மையைக் குறைக்க அயனி மாற்றும் சாஃப்ட்னர் வேலை செய்கிறது. அதற்கு அவ்வப்போது சமையல் உப்பு போட வேண்டும், கழுவி வரும் உவர்நீரைச் செடிக்கு விடக் கூடாது. குழாய்மேல் காந்தம் மாட்டினால் போதும் என்று விற்கிறார்கள். காந்தம் தண்ணீரிலிருந்து ஒரு மில்லிகிராம் கால்சியத்தையும் எடுப்பதில்லை. நான் அதற்குப் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

சொட்டும் குழாயைப் பற்றி இரண்டு வார்த்தை. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. குழாய்ச் சொட்டுகள் ஏறக்குறைய நாலாயிரம் சேர்ந்தால் ஒரு லிட்டர். ஆக நாளுக்கு 21 லிட்டருக்கு மேல். பழைய திருகுக் குழாயாக இருந்தால் உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும்; பத்து ரூபாய்க்குள் முடியும் வேலை. கால்சுற்றுக் குழாயில் செராமிக் தகட்டின் இடையே மணலோ சுண்ணாம்புத் துணுக்கோ சிக்கியிருக்கும். அதைப் பலமாக இறுக்கினால் தகடு கீறிப் பழுது பெரிதாகும். தெரியாமல் ஓடும் கசிவைப் பிடிக்க வேறு வழி. இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித்தொட்டிக்குள் ஒரு குச்சியை இறக்கி நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி அளந்து பாருங்கள். ஆயிரம் லிட்டர் உருளைத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஒன்பது பத்து லிட்டர் போயிருக்கிறது. முதல் சந்தேகம் ஃபிளஷ் தொட்டிமேல் விழ வேண்டும். அதற்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போட்டு அரைமணி நேரம் விட்டால், அடியில் உள்ள ரப்பர் மூடி கசிகிறதா என்பது கழிப்பறைக் கோப்பையின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

கேட் வால்வுகளை மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். உப்புத் தண்ணி ஓடும் வால்வு ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் நின்றால் சுண்ணாம்பு பிடித்து இறுகிவிடும். குழாய் உடைந்து வீடு நனையும் நேரத்தில் அது சுழலாது. எந்த வால்வு எந்தக் குளியலறைக்கு என்று பெயிண்டால் எழுதி வைப்பதும், பூச்சு பூசுமுன் சுவரில் ஓடும் குழாய்களை அளவுநாடாவோடு படமெடுத்து வைப்பதும் செலவில்லாத வேலைகள்.

இதுவரை பார்த்தது வரும் தண்ணீர். போகும் தண்ணீரில் காற்றின் வேலை இன்னும் முக்கியமானது. குளியலறைத் தரையிலிருக்கும் நஹானி டிராப்பில் எப்போதும் இரண்டு அங்குலத் தண்ணீர் தேங்கி நிற்கும்படி ஒரு வளைவு உண்டு. சாக்கடைக் காற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டு அங்குலம் மட்டுமே. கழிப்பறைக்கு இந்த வளைவை வைத்து 1775-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர். விருந்தாளி அறைக் குளியலறையை இரண்டு மூன்று வாரம் பயன்படுத்தாவிட்டால், அதுவும் சித்திரை வெயிலில், அந்த நீர் ஆவியாகிவிடும். பிறகு நாற்றமும் கரப்பானும் வரும். 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் இதைவிடப் பெரிய கேடு வந்தது. தரை வடிகால் டிராப்புகள் பல வீடுகளில் வறண்டு கிடந்தன. குளியலறை மின்விசிறிகள் கழிவுக்குழாயின் காற்றை உள்ளே இழுத்தன. சார்ஸ் கிருமி அந்த வழியாக அடுக்குமாடி முழுவதும் பரவி 300-க்கும் மேற்பட்டவர்களைத் தொற்றியது. பயன்படுத்தாத குளியலறையில் வாரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் அந்த வழி மூடிவிடும். மாடியில் ஃபிளஷ் செய்யும்போது கீழ்க் குளியலறையில் கடகடவென்று சத்தம் வந்தால், இறங்கும் நீர் டிராப்பின் நீரையும் சேர்த்து இழுக்கிறது என்று பொருள். கழிவுக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே நீட்டி வைக்கும் காற்றுக்குழாயில் குருவிக்கூடு அடைத்திருக்கிறதா பாருங்கள்.

இங்கே இரண்டு குழாய் வீட்டுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணி வராத நாளில் சமாளிக்க, போர் லைனையும் நகராட்சி லைனையும் ஒரு வால்வு வைத்து இணைத்துவிடும் வழக்கம் இருக்கிறது. முறைவைத்து விடும் ஊரில் தெருக்குழாய் பெரும்பாலான நேரம் காலி. தாழ்வான வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் மேட்டு வீட்டில் வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் வால்வின் வழியே போர்த் தண்ணீரை இழுக்கும். வாளிக்குள் மூழ்கிக் கிடக்கும் ஹோஸின் வழியே மாட்டுத் தொட்டித் தண்ணீரையும் இழுக்கும். நகராட்சி லைனில் நேராக மோட்டார் மாட்டுகிறவர் இதை இன்னும் பல மடங்கு கேடாக்குகிறார். அவர் உண்டாக்கும் உறிஞ்சலில், தெருக்குழாயின் விரிசல்கள் பக்கத்துச் சாக்கடை நீரைக் குடிக்கின்றன. அடுத்த முறை தண்ணீர் விடும்போது அது அத்தெருவிலுள்ள குழந்தைகளின் வயிற்றுக்குப் போகிறது. இது சட்டப்படி தவறு, நகராட்சிகள் மோட்டாரைப் பறிமுதல் செய்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் இதை யாரும் செய்யக் கூடாது. நல்ல தண்ணி தன் வேகத்தில் தரைத்தொட்டியில் விழட்டும். குழாய் வாய் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் இருக்கட்டும். மோட்டார் அந்தத் தொட்டியிலிருந்து எடுக்கட்டும். அந்த வெறும் இடைவெளியைத் தாண்டித் தண்ணீர் பின்னோக்கிப் போக எந்த வழியும் இல்லை.

கடைசியில் எல்லாம் போய்ச் சேருவது செப்டிக் டேங்க். அதற்குள் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைத்து வாயுவாக்குகின்றன; கசடு அடியில் தங்குகிறது, தெளிந்த நீர் உறைகிணற்றுக்குப் போகிறது. அந்த உறைகிணறு போரிலிருந்து அறுபதடியாவது தள்ளியிருக்க வேண்டும். பிளவுப் பாறை நிலத்தில் இன்னும் தள்ளியிருந்தால் நல்லது. உண்டாகும் வாயுக்களில் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் உடையது. ஆனால் செறிவு ஓரளவைத் தாண்டினால் மூக்கின் உணர்வையே அது மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் இரண்டு மூச்சில் விழுகிறார். தூக்கப் போகிறவரும் விழுகிறார். மூடியைத் திறந்து ஒருநாள் விட்டாலும், மெழுகுவத்தி கொளுத்திப் பார்த்தாலும் உள்ளே பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் அதில் அகப்படுவார். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. அதன் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. உறிஞ்சு லாரி கசடை மேலிருந்தே எடுத்துவிடும். மனிதர் உள்ளே போக வேண்டிய வேலை எதுவும் அங்கே இல்லை. மூடி எங்கே என்றே தெரியாமல் படிக்கட்டுக்கு அடியிலோ, துணி துவைக்கும் கல்லுக்குக் கீழோ டேங்க் புதைந்து கிடக்கும் வீடுகளில்தான் குழாய் எட்டவில்லை என்று ஆளை இறக்கும் யோசனை எழுகிறது. புதிதாக வீடு கட்டுகிறவர் டேங்கைத் தெருப் பக்கமாக, லாரிக் குழாய் எட்டும் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். டேங்கின் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி மூடி போடச் சொல்லுங்கள்.